வழித்துணையும் டிக்கெட் எடுத்து வரட்டும்

நம் ஊரில் பார்வையற்றவர்களுக்குச் சுற்றுலா என்றால் பெரும்பாலும் ஒரு நாள் பஸ் பயணம்தான். ஏதாவது ஒரு சங்கம் வண்டி பிடிக்கும். முன்னால் பேனர் கட்டும். நாற்பது பேருக்கு ஐந்து தொண்டர்கள் வருவார்கள். கோயிலுக்குள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து வரிசையாக ஒரு சுற்று, பிறகு சாப்பாடு, பொன்னாடை, குழுப் படம். போய் வந்தவரிடம் தஞ்சாவூர் எப்படி இருந்தது என்று கேட்டால் "தரை சுட்டது" என்பார். அதற்கு மேல் அவருக்கு அங்கே யாரும் எதுவும் காட்டியிருக்க மாட்டார்கள்.

வேறு முறை ஒன்று உலகத்தில் ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 2004இல் டிராவல்ஐஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கிய அமர் லத்தீப் பார்வையற்றவர். அவர் வகுத்த ஏற்பாட்டில் பார்வை உள்ளவர், இல்லாதவர் இருவருமே பயணிகள், இருவருமே பணம் கட்டுகிறார்கள். பார்வை உள்ளவருக்குக் கட்டணத்தில் சலுகை உண்டு. அதற்குப் பதிலாக அவர் வழி காட்ட வேண்டும், கண்ணில் படுவதைச் சொல்ல வேண்டும். ஜோடி தினமும் மாறும். டெல்லியில் நேகா அரோரா 2016இல் தொடங்கிய பிளானட் ஏபிள்டும் மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் கலந்து போகும் பயணங்களை நடத்துகிறது.

இதில் நாம் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பணம் கட்டும் விஷயம். இலவசமாக வருகிற துணை சேவை செய்ய வருகிறார். காலையில் உற்சாகமாக இருப்பார், மதியம் சோர்ந்துவிடுவார், மாலையில் போனை நோண்டுவார். "பாவம், சும்மா வந்திருக்காங்க" என்று யாரும் அவரை எதுவும் கேட்கவும் முடியாது. பாதிக் கட்டணமாவது கட்டி வருகிறவருக்கு அந்த ஊரைப் பார்க்கும் ஆசை இருக்கும். ஆசையோடு பார்க்கிறவர்தான் பக்கத்தில் இருப்பவருக்குச் சரியாகச் சொல்வார். எனவே வழித்துணைக்கு இலவசம் வேண்டாம், சலுகை போதும்.

சென்னையிலிருந்து கிளம்பும் குழுவுக்கு முதல் பயணமாக நாங்கள் சொல்வது கும்பகோணம் வட்டாரம், மூன்று நாள். முதல் நாள் தாராசுரமும் சுவாமிமலையும். இரண்டாம் நாள் நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறை, தாராசுரத்தில் பட்டுத்தறி. மூன்றாம் நாள் தஞ்சாவூர், இரவு ரயில். ஊட்டி, கொடைக்கானலை விட்டுவிட்டு இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. மலை ஊர்களில் பாதி நேரம் வண்டியில் போகும், மீதி நேரம் "வியூ பாயின்ட்" வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பதில் போகும். டெல்டாவில் கைக்கும் காதுக்கும் மூக்கிற்கும் வேலை அதிகம்.

எண்ணிக்கை: பார்வையற்றவர் எட்டு பேர், துணை எட்டு பேர், யாருக்கும் ஜோடி ஆகாத இரண்டு பேர். மொத்தம் பதினெட்டு, இருபது இருக்கை வேன் போதும். ஜோடி இல்லாத அந்த இருவர் இல்லாமல் கிளம்பவே கூடாது. ஒருவர் முன்னால் போய் டிக்கெட், அனுமதி, கழிப்பறை எல்லாம் பார்த்து வைப்பார். இன்னொருவர் கடைசியாக வருவார். துணை ஒருவருக்கு வயிறு சரியில்லை என்றால் இவர்களில் ஒருவர் மாற்றாள். செலவைக் குறைக்க ஒரு துணைக்கு இரண்டு பேர் என்று போட்டால் தாராசுரத்து முதல் வாசலிலேயே சிக்கல் வந்துவிடும். இரண்டு கையிலும் ஆள் இருந்தால் மூன்று பேர் அகலத்துக்கு எந்தக் கோயில் படியிலும் இடம் கிடையாது.

விண்ணப்பப் படிவத்தில் "முழுப் பார்வையின்மையா, குறை பார்வையா" என்று மட்டும் கேட்டால் பாதிதான் தெரியும். வெளிச்சத்தில் எப்படி, இருட்டில் எப்படி என்று தனித்தனியாகக் கேளுங்கள். விழித்திரை நிறமிச் சிதைவு உள்ளவர் காலை பத்து மணிக்குத் துணையில்லாமல் நடப்பார், மாலை ஆறரைக்கு அவருக்குக் கை வேண்டும். வெயிலிலிருந்து கல் மண்டபத்துக்குள் நுழைந்தால் சில நிமிடம் எதுவுமே தெரியாமல் நிற்பவர்களும் உண்டு. எந்தக் காது நன்றாகக் கேட்கும் என்று கேளுங்கள், துணை அந்தப் பக்கம் நடக்கலாம். சர்க்கரை நோய் உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். சர்க்கரையால் கண் போனவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சியும் குறைந்திருக்கும். சுடு கல்லில் வெறுங்காலோடு நடந்து, கொப்புளம் வந்த பிறகுதான் அவர்களுக்கே தெரியும். அவர்களுக்குத் தடித்த காலுறை வேண்டும், வெயில் ஏறுமுன் பிராகாரத்திலிருந்து வெளியே வந்துவிடவும் வேண்டும்.

துணைகளுக்கான பயிற்சி கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு, மூன்று மணி நேரம். பார்வையற்ற ஒருவரே நடத்தினால் நல்லது. கண்ணைக் கட்டிவிட்டு நடக்க வைக்கும் விளையாட்டைப் பத்து நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். அதில் பயம்தான் வருகிறது, திறமை வருவதில்லை. கட்டை அவிழ்த்ததும் "ஐயோ, இவங்க எப்படித்தான் வாழறாங்களோ" என்ற இரக்கம் ஒட்டிக்கொள்கிறது. மூன்று நாளும் அதைச் சுமந்துகொண்டு வருவார்கள்.

பழக வேண்டியது இவ்வளவுதான். துணை தன் புறங்கையால் பார்வையற்றவரின் கையை லேசாகத் தொட வேண்டும். அவர் துணையின் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருவார். துணையின் உடல் ஏறுவதும் இறங்குவதும் திரும்புவதும் அந்தக் கை வழியாகவே அவருக்குத் தெரிந்துவிடும். குறுகலான இடம் வந்தால் துணை அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக, அவர் நேர் பின்னால் வந்துவிடுவார். படியில் நின்று, ஏறும் படியா இறங்கும் படியா என்று சொல்லிவிட்டு, துணை ஒரு படி முன்னால் போக வேண்டும். முடிந்ததும் "படி முடிஞ்சது". நாற்காலியில் தோளை அழுத்தி உட்கார வைக்கக் கூடாது, சாய்மானத்தில் கையை வைத்துக் காட்டினால் அவரே உட்காருவார். வேனில் இழுகதவை மூடுமுன் "கையெல்லாம் மடியில வெச்சுக்குங்க" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும், விரல் நசுங்குவது அங்கேதான். வெள்ளைக்கோலைப் பிடித்து இழுப்பது, முதுகில் கை வைத்துத் தள்ளுவது, அக்குளில் கை கொடுத்துத் தூக்குவது மூன்றும் கூடாது. எங்காவது போக வேண்டியிருந்தால் சொல்லிவிட்டுப் போங்கள். அதுவும் அவரை ஒரு சுவர், தூண், நாற்காலி ஏதாவது ஒன்றைத் தொட்டபடி நிறுத்திவிட்டு. வெட்டவெளியில் தனியாக நிற்பவருக்குத் திசை என்ற ஒன்றே இருக்காது.

ஜோடி முதல் நாள் நடை வேகத்தைப் பார்த்துப் போடப்படும், பிறகு தினமும் மாறும். ஒருவர் கோபுரத்தை அளவு அளவாகச் சொல்வார், இன்னொருவர் கடைத்தெரு வம்பைச் சொல்வார். இரண்டும் வேண்டும். பெண்கள் யாருடைய கையைப் பிடித்து நடக்க விரும்புகிறார்கள் என்பதை அவர்களிடமே தனியாகக் கேட்டு முன்னதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ரயில். பார்வை முழுவதும் இல்லாதவருக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் 75 விழுக்காடு சலுகை, இரண்டாம் ஏசியில் 50. கூட வரும் ஒருவருக்கும் அதே சலுகை உண்டு. குறை பார்வை உள்ளவருக்கு இது கிடையாது, தட்கலிலும் கிடையாது. ஆகவே ஒரே குழுவில் ஆளுக்கு ஆள் ரயில் செலவு மாறும். இதை முதலிலேயே சொல்லாமல் விட்டால் மனக்கசப்பு நிச்சயம். ரயில் செலவை மட்டும் தனியாகப் பிரித்து, அவரவர் டிக்கெட் அவரவர் கணக்கு என்று வைப்பதே நல்லது. மாற்றுத்திறனாளிகள் ஒதுக்கீட்டில் ஒரு வண்டிக்குச் சில படுக்கைகள்தான். எட்டு பேருக்கும் அதில் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். எல்லாருக்கும் கீழ்ப் படுக்கைதான் வேண்டும் என்றும் இல்லை. மேலே ஏறிப் படுத்தால் யாரும் இடிக்க மாட்டார்கள் என்று அதையே கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

கும்பகோணத்தில் வண்டி ஓரிரு நிமிடம்தான் நிற்கும், இருட்டு விலகாத நேரம். அரை மணி முன்னால் எல்லோரையும் எழுப்பி, நான்கு ஜோடி ஒரு கதவுக்கும் நான்கு ஜோடி மறு கதவுக்குமாகப் பிரித்து நிறுத்த வேண்டும். ஜோடி இல்லாத இருவரும் கதவுக்கு ஒருவராக முதலில் இறங்கிப் பெட்டிகளை வாங்குவார்கள். பிறகு துணை இறங்கி நிற்க, பார்வையற்றவர் இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு, கோலால் பிளாட்பாரம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு இறங்குவார். இறங்கியதும் தலை எண்ண வேண்டாம், குரலை எண்ணுங்கள். ஆளுக்கொரு எண் கொடுத்து, ஒன்று, இரண்டு என்று அவர்களே சொல்லட்டும். ஒவ்வொரு முறை வேன் ஏறும்போதும் இதே வழக்கம். யார் இல்லை என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரியும்.

லாட்ஜில் தரைத்தள அறைதான் தருவேன் என்று அடம்பிடிப்பார்கள். தேவையே இல்லை, கண் தெரியாதவருக்குப் படி ஏறுவதில் கஷ்டம் எதுவும் கிடையாது. எல்லா அறையும் ஒரே மாடியில் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். சாவி கொடுத்ததும் துணை உள்ளே வந்து பத்து நிமிடம் அறையைக் காட்ட வேண்டும். கதவிலிருந்து தொடங்கி வலப்பக்கச் சுவர் வழியாக ஒரு சுற்று, மறுபடி கதவு. தாழ்ப்பாள், கட்டில், மேசை முனை, ஜன்னல். குளியலறைக்குள் தரை ஒரு படி தாழ்ந்திருக்கிறதா, உயர்ந்திருக்கிறதா, வெந்நீர்க் குழாய் எந்தப் பக்கம், பக்கெட் எங்கே என்பதெல்லாம் கை வைத்துப் பார்க்க வேண்டியவை. ஸ்விட்ச் போர்டில் ஆறேழு ஸ்விட்சும் ஒரே மாதிரி இருக்கும். ஹீட்டருக்கு நினைத்து அழைப்பு மணியை அழுத்தி, நள்ளிரவில் ரூம் பாய் வந்து நிற்பார். ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு வாங்கி வைத்துக்கொண்டால் போதும். ஹீட்டர் ஸ்விட்சில் ஒன்று, மின்விசிறிக்கு இரண்டு. ஷாம்பு பாக்கெட்டின் மூலையை வெட்டி வைத்தால் மற்ற பாக்கெட்டுகளோடு குழம்பாது.

கோயிலுக்குள் போகும்போது காலணியை ஸ்டாண்டில் விட வேண்டாம். ஆளுக்கொரு துணிப்பையில் போட்டு வேனிலேயே வையுங்கள். வெள்ளைக்கோலைப் பார்த்ததும் "குச்சி உள்ளே கூடாது" என்று காவலர் சொல்வது உண்டு. முன்னதாகக் கடிதம் கொடுத்திருந்தால் பேச்சு வளராது. கோல் முனையைத் துடைக்க ஒரு துணி வைத்துக்கொள்வது மரியாதை. நம் கோயில்களில் கோலுக்கு அகப்படாத ஆபத்து ஒன்று உண்டு: கோமுகி. கருவறையின் வடபுறச் சுவரிலிருந்து கல் நீட்டிக்கொண்டிருக்கும், கோல் அதன் அடியில் சுலபமாகப் போய்விடும், இடுப்போ முழங்காலோ போய் இடிக்கும். நிலைப்படி இன்னொன்று. அதன் மேல் ஏறி இறங்குவதில்லை, தாண்ட வேண்டும். அதனால் "படி" என்று மட்டும் சொன்னால் கால் தப்பாகப் போகும். "நிலைப்படி, முழங்கால் உயரம், தாண்டுங்க" என்று சொல்ல வேண்டும். விளக்கு மாடத்துக்குக் கீழே தரையில் எண்ணெய் வழுக்கும். உயரமானவரைக் குள்ளமான துணை அழைத்துப் போகும்போது தலைக்கு மேல் இருக்கும் உத்தரக் கல்லை மறந்துவிடுவார்.

சொல்வது எப்படி என்பதற்கு ஒரே ஒரு விதி. "அந்தா", "இங்க", "இவ்ளோ பெருசு" என்ற சொற்கள் வாயில் வந்தால் அவை எதையும் சொல்லவில்லை என்று அர்த்தம். பெரியதிலிருந்து சிறியதற்குப் போங்கள், அளவை அவர் உடம்பை வைத்துச் சொல்லுங்கள். "உங்க வலது கைப் பக்கம், தோள் உயரத்துல கல் சக்கரம், விட்டம் உங்க கை விரிச்ச அகலத்துக்குக் கொஞ்சம் குறைச்சல்" என்றால் விளங்கும். நிறத்தைச் சொல்லலாமா என்று அவரிடமே கேளுங்கள். நடுவயதில் பார்வை போனவருக்கு நிறம்தான் முதலில் வேண்டும். "பாருங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டாம். அவர்களும் நாள் முழுக்கப் பார்த்தேன், பார்க்கிறேன் என்றுதான் பேசுகிறார்கள்.

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் இரண்டாம் ராஜராஜன் கட்டியது. 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தேர் வடிவ மண்டபத்தின் சக்கரமும் குதிரையும் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் தொடுவதற்கு இந்தியத் தொல்லியல் துறையின் திருச்சி வட்ட அலுவலகத்துக்கு முன்னதாகவே எழுதிக் கேட்க வேண்டும். எத்தனை பேர், எந்தெந்தச் சிற்பம், மோதிரம் வளையல் கழற்றிவிட்டு, கை கழுவிவிட்டுத்தான் தொடுவோம் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். தட்டினால் இசை எழும்பும் பலிபீடப் படிகள் இந்தக் கோயிலின் பேர்போன விஷயம். அவற்றைக் கம்பி வேலி போட்டு அடைத்திருக்கிறார்கள். பாதுகாப்புக்காகத்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் காதுக்காகவே செய்த ஒன்று கண்ணுக்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது. இத்தாலியில் அங்கோனா நகரத்தில் பார்வையற்ற தம்பதி ஒருவர் முயற்சியால் 1993இல் ஓமெரோ அருங்காட்சியகம் தொடங்கியது. அங்கே புகழ்பெற்ற சிலைகளின் அச்சுப் படிகளைக் கையால் தடவிப் பார்க்கலாம். நம் சோழர் கோயில்கள் ஒவ்வொன்றிலும் இப்படி நான்கு அச்சுப் பிரதிகள் வைக்க எவ்வளவு ஆகிவிடும்?

அதுவரை சுவாமிமலைதான். கும்பகோணத்திலிருந்து வேனில் கொஞ்ச நேரம், பயணத்திலேயே மிகச் சிறந்த பாதி நாள் இதுதான். பஞ்சலோகச் சிலை வார்க்கும் பட்டறையில் ஒரே உருவத்தின் நான்கு நிலைகளை எடுத்து வைக்கும்படி ஸ்தபதியிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: மெழுகுக் கரு, மண் பூசிக் காய்ந்த அச்சு, உடைத்து எடுத்த கரடு வார்ப்பு, மெருகு போட்ட சிலை. நான்கு மேசை, மேசைக்கு இரண்டு ஜோடி, மேசைக்குப் பத்து நிமிடம். ஒரே சிலையை வைத்துக்கொண்டு எட்டு பேரும் வரிசையில் நின்றால் கடைசி ஆள் வருவதற்குள் எல்லோரும் டீ குடிக்கக் கிளம்பியிருப்பார்கள்.

தொடங்க வேண்டியது ஒடியோலையிலிருந்து. சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையைக் கீறி, தாளம் என்ற சிற்ப அளவுக் கணக்குப்படி மடித்து வைத்திருப்பார்கள். அந்த நறுக்கின் நுனியிலிருந்து விரலை ஓட்டிக்கொண்டு போனால் ஒவ்வொரு மடிப்பிலும் விரல் நிற்கும், முகம் எவ்வளவு, கழுத்து எவ்வளவு, தொப்புள் எங்கே, முழங்கால் எங்கே என்று. அதே விரலோடு சிலைக்கு வந்தால் அளவு கையிலேயே இருக்கிறது. வரைபடத்தைக் கண்ணால் பார்க்கிறவர்களுக்குக்கூட இவ்வளவு சுருக்கமாக விளங்குவதில்லை.

தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்த கருவில் விரல் சூட்டுக்கே பள்ளம் விழும். பட்டறையில் மெழுகை இறுக வைக்க ஒரு தொட்டியில் தண்ணீர் இருக்கும், விரலை அதில் நனைத்துக்கொண்டு மேலாகத் தடவ வேண்டும். கரடு வார்ப்பில் உலோகம் ஓடிய காம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும், ஓரத்துப் பிசிறு பிளேடு மாதிரி வெட்டும். "இடது பக்கம் கூர்" என்று துணை முதலில் சொல்ல வேண்டும். ஸ்தபதி தன்னையறியாமல் துணையைப் பார்த்துத்தான் விளக்குவார். துணை ஓரடி பின்வாங்கி, "அண்ணே, அவங்ககிட்டயே சொல்லுங்க" என்று சொன்னால் போதும், இரண்டு நிமிடத்தில் ஸ்தபதியே அவர் கையைப் பிடித்து உளியைக் கொடுத்துவிடுவார்.

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் 216 அடி விமானத்தைக் கைக்குள் கொண்டுவர வழியில்லை. சிறிய மரப் படிவம் ஒன்றை வாங்கி வையுங்கள், பிராகாரத்தை நீளவாக்கில் சுமார் 240 மீட்டர் நடக்க வையுங்கள், பிறகு படிவத்தை மறுபடி கையில் கொடுங்கள். காலை ஆறரைக்குத் தொடங்கினால் கல் சுடுமுன் முடிந்துவிடும். வீணை செய்யும் பட்டறைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பலா மரக் குடம், யாளித் தலை, தந்தியை அழுத்தி வாசிக்க மெழுகில் பதித்த 24 மெட்டு.

சாப்பாட்டில் வாழையிலையைப் போல வசதி வேறில்லை. நுனி இடப்பக்கம், மேல் பாதியில் தொடுகறி, கீழே சோறு என்று எல்லாவற்றுக்கும் நிலையான இடம் உண்டு. ஆபத்து பரிமாறுபவரிடம்தான். கை இலையில் இருக்கும்போதே கொதிக்கும் ரசத்தை ஊற்றிவிடுவார். ஊற்றுமுன் "ரசம்" என்று சொல்லும்படி பந்தி தொடங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கும்பகோணம் டிகிரி காபியை விளிம்புவரை நிரப்பித் தருவார்கள், பித்தளை விளிம்பு சுடும். முக்கால் டம்ளர் கேளுங்கள், கையில் திணிக்காமல் மேசையில் வைத்து இடத்தைச் சொல்லுங்கள்.

கடைத்தெருவில் அவரவர் பணத்தை அவரவரே கொடுக்கட்டும். 100, 200, 500 ரூபாய் நோட்டுகளுக்கு நீளத்தில் நான்கு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், அகலம் ஒன்றே. புடைப்புக் குறிகளும் பழைய நோட்டில் தேய்ந்துபோயிருக்கும். ரிசர்வ் வங்கியின் ‘மணி’ (MANI) என்ற செயலி போனில் இருந்தால் நோட்டை அது சொல்லிவிடும். அவசரத்துக்கு, 500ஐ நீளவாட்டில் மடித்து, 200ஐக் குறுக்கே மடித்து, 100ஐ மடிக்காமல் வைக்கும் பழைய பழக்கமே மேல்.

தேதி. ஐப்பசி, கார்த்திகை வேண்டவே வேண்டாம். தாராசுரம் கோயில் தெரு மட்டத்தைவிடத் தாழ்வு, மழையில் தண்ணீர் தேங்கி நிற்கும். ஜனவரிப் பொங்கலுக்குப் பிறகு பிப்ரவரி முடிய நல்ல காலம். முகூர்த்த நாள்களைக் காலண்டரில் பார்த்துத் தள்ளிவிடுங்கள், கும்பகோணத்தில் அன்று லாட்ஜும் கிடைக்காது, வேனும் கிடைக்காது. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. ஆகவே பெயர்ப் பட்டியலும் சலுகை அட்டை நகல்களும் பயணத்துக்கு 70 நாள் முன்னதாகவே ஒருவர் கையில் சேர்ந்திருக்க வேண்டும், தொல்லியல் துறைக்கான கடிதமும் அன்றே போய்விட வேண்டும்.